நீதவானின் ஆசனமும் லயத்து வாசலும்

குடும்பத்துக்குள் நிகழும் வன்முறையை விசாரிக்கும் நீதிபதி எத்தகைய அனுபவமும் சுபாவமும் உடையவராக இருத்தல் வேண்டும், அவரைத் தெரிந்தெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருத்தல் வேண்டும் என்னும் கேள்விகளைச் சட்ட நிபுணர்கள் தமக்குள் விவாதித்துக்கொள்ளும் விஷயமென்று நாம் ஒதுக்கிவிடலாகாது. இரவில் அடிபட்டு, விடியற்காலையில் வீங்கிய முகத்தை முக்காட்டால் மறைத்துக்கொண்டு, அன்றைய பேர், அதாவது நாட் சம்பளம், விழாமற் போய்விடுமே என்ற பயத்தினால், வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்துக்கு ஓடிவரும் ஒரு தொழிலாளிப் பெண்ணின் கதி, அந்த நீதிபதி யார் என்பதைப் பொறுத்தே அமைகின்றது. இலங்கையில் கித்துல்கலைக்கும் கினிகத்தேனைக்கும் இடைப்பட்ட மலைப்பிரதேசத்தில், 1969ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய சமனல நீர்மின் நிலையத்தினால் நாடறிந்த பெயராகிய பொல்பிட்டியவைச் சூழ்ந்த தோட்டங்களை மனத்தில் இருத்திக்கொண்டு இக்கேள்விகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீதிபதியைப் பொதுமக்களே வாக்களித்துத் தெரிவுசெய்யும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாநிலங்கள் பலவற்றில் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் மாவட்ட நீதிபதிகள் 4 ஆண்டுக்கு ஒருமுறை, கட்சிச் சின்னத்தோடு, மற்ற அரசியல்வாதிகளைப் போலவே தேர்தலில் நிற்கின்றனர். ஹூஸ்டன் நகரம் அமைந்துள்ள ஹாரிஸ் மாவட்டத்தில் 280ஆம் மாவட்ட நீதிமன்றம் என்று ஒன்று உள்ளது. குடும்ப வன்முறைக்கு ஆளானோர் பாதுகாப்புக் கட்டளை கோரித் தொடுக்கும் வழக்குகளே அதன் விசேஷப் பொறுப்பு. அத்தகைய ஆசனத்தை நாடும் வழக்கறிஞர் ஒருவர், தாம் எத்தனை ஆண்டுகள் தொழில் புரிந்தார், எவர் பக்கம் நின்று வாதாடினார், அடைக்கல இல்லங்களிலிருந்து வரும் பெண்களின் வாயிலிருந்து உண்மையைப் பொறுமையோடு கேட்டறியும் பக்குவம் தமக்கு உண்டா என்பவற்றையெல்லாம் ஜனங்களின் முன்னிலையில் எடுத்துச் சொல்லி நியாயப்படுத்த வேண்டியவராகின்றார். மாவட்ட நீதிபதியாக விரும்புவோர் 4 ஆண்டு அனுபவம் பெற்றிருந்தாற் போதும் என்றிருந்த விதியை, 8 ஆண்டாக உயர்த்தும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 2021 நவம்பரில் டெக்சாஸ் மக்களே வாக்களித்து அங்கீகாரம் தந்தார்கள் என்பது, அனுபவத்தின் அருமையை அங்குள்ள சாமானியரும் உணர்ந்திருப்பதற்குச் சான்றாகும்.

ஆயினும் அந்த முறையின் மறுபக்கத்தையும் மறைக்காமற் சொல்லுதல் ஆய்வாளனின் கடமை. 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் எழுந்த கட்சி அலையில், ஹாரிஸ் மாவட்டம் முழுவதும் வாக்களித்த நீதிபதி ஆசனங்கள் அனைத்தும் ஜனநாயகக் கட்சியினருக்கே சென்றன. கறுப்பின மாதர் 17 பேர் ஒரே தேர்தலில் நீதிபதி ஆசனங்களை வென்ற அரிய சம்பவமும் அன்று நிகழ்ந்தது. தம் கடமையைச் செவ்வனே செய்துவந்தவர், செய்யத் தவறியவர் என்ற பேதமின்றி, அந்த ஆசனங்களுக்குப் போட்டியிட்ட எதிர்க்கட்சி நீதிபதிகள் எல்லாரும் ஒருங்கே பதவியிழந்த சம்பவமும் அன்றே நிகழ்ந்தது. தேர்தற் செலவுக்கு நிதி உதவுவோரில் அதே நீதிமன்றத்தில் நாளை வாதாடப்போகும் வழக்கறிஞர்களும் இருப்பதனால், நியாயத்தின் நடுநிலைமை பற்றிய சந்தேகம் நீங்காமல் நிற்கின்றது. எனவே வாக்குப்பெட்டியை நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை. அந்தத் தேர்தலில் வேட்பாளரிடம் கேட்கப்படும் கேள்விகளை மட்டும் நம் நாட்டு முறைக்குள் கொண்டுவருதல் அவசியம் என்பதே என் அபிப்பிராயம்.

இவ்விடத்தில், தேர்தற் களத்தையும் நீதியாசனத்தையும் ஒருங்கே கண்ட ஒரு பெண்மணியின் சரித்திரம் நமக்குப் பெரிதும் பயன்படும். நாஞ்சில் நாட்டுத் தமிழரும் மலையாளிகளும் ஒரே அரசின் கீழ் வாழ்ந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1905ஆம் ஆண்டு பிறந்த அன்னா சாண்டி, சட்டம் பயின்று 1929இல் வழக்கறிஞராகி, குற்றவியல் வழக்குகளில் பெயர் பெற்றார். ‘ஸ்ரீமதி’ என்னும் மாதர் பத்திரிகையைத் தொடங்கி, பெண்கள் உத்தியோகம் வகிக்கும் உரிமைக்காக வாதாடினார். 1931ஆம் ஆண்டில் ஸ்ரீமூலம் பிரஜாசபைத் தேர்தலில் அவர் இறங்கியபோது, அவருடைய ஒழுக்கத்தைக் களங்கப்படுத்தும் ஆபாசச் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன; பத்திரிகைகள் சிலவும் அந்தப் பழிக்குத் துணைபோயின. அவரோ ஒதுங்கிவிடாமல், தமக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் தம் பத்திரிகையிலேயே பகிரங்கமாகக் கண்டித்தெழுதி, மீண்டும் முயன்று, 1932 முதல் 1934 வரை அச்சபையின் அங்கத்தவராகப் பணியாற்றினார். 1937இல் திவான் சர் சி. பி. ராமசுவாமி ஐயர் காலத்தில் அவர் முன்சீப்பாக நியமனம் பெற்று, இந்தியாவின் முதற் பெண் நீதிபதி என்னும் ஸ்தானத்தை அடைந்தார். 1948இல் மாவட்ட நீதிபதியாகவும், 1959 பெப்ரவரியில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் உயர்ந்தார்.

அவரை நீதிபதியாக்கியது தேர்தல் அல்ல, நியமனமே. ஆனால் ஒரு பெண் பொதுவாழ்வில் தலைகாட்டினால் அவளை அவமானப்படுத்தியே வாயடைக்க முயலும் சமூகத்தின் குணத்தைத் தம் சொந்த அனுபவத்தினாற் கண்டவர் ஒருவர், நீதியாசனத்தில் அமர்ந்து, அவமானத்துக்கு அஞ்சி வாய்திறவாத சாட்சியைப் பார்க்கும்போது, அந்த மௌனத்தைப் பொய்யென்று அவசரப்பட்டுத் தீர்மானித்துவிட மாட்டார் அல்லவா? அனுபவம் என்று நாம் சொல்லுவது இதனையே. அன்னா சாண்டி சபையில் அமர்ந்த அதே 1932இல், இலங்கை அரசாங்க சபைக்குக் கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து நேசம் சரவணமுத்து அம்மையார் தெரிவாகி, இத்தீவின் சட்டசபையில் இடம்பெற்ற முதற் தமிழ்ப் பெண்ணானார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. அவர் வழியே திறந்த கதவு மலையகத் தொழிலாளிப் பெண்ணுக்கு நெடுங்காலம் மூடியே கிடந்தது.

இலங்கையில் நீதிபதிகள் ஜனங்களால் தெரிவாவதில்லை. பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர் இருவரும் அங்கம் வகிக்கும் நீதிச்சேவை ஆணைக்குழுவே நீதவான்களையும் மாவட்ட நீதிபதிகளையும் நியமிக்கின்றது. அவர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்கென்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நீதிபதிகள் நிறுவகம் ஏற்படுத்தப்பட்டுள்ளது. குடும்ப வன்முறைக்கெனத் தனி நீதிமன்றமும் இங்கு இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அந்த அதிகாரத்தை நீதவான் நீதிமன்றத்திடமே ஒப்படைத்திருக்கின்றது. ஆதலால், காலையில் கசிப்பு வழக்கையும் வாகன விபத்தையும் பிணை மனுவையும் கேட்கும் அதே நீதவானே, அவற்றுக்கிடையில் கணவனுக்கு அஞ்சி வந்து நிற்கும் மனைவியின் மனுவையும் கேட்கின்றார்.

அச்சட்டத்தின் அமைப்பு பலரும் நினைப்பதைவிட விசாலமானது. உடலுக்கு இழைக்கும் தீங்கு மட்டுமன்றி, ஒருவரைத் தொடர்ந்து கொடூரமாகவும் இழிவாகவும் நடத்தும் பாரதூரமான மனத் துன்புறுத்தலும் அதில் வன்முறையாகவே கருதப்படுகின்றது. பாதிக்கப்பட்டவர் தாமே மனுச்செய்யலாம். அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் மனுச்செய்யலாம். பிள்ளைக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ செய்யலாம். நிலைமையின் அவசரத்தைக் கண்டு நீதவான் உடனே இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை பிறப்பித்து, 14 நாட்களுக்குள் விசாரணைக்கு நாள் குறிக்க வேண்டும்; விசாரித்தபின் 12 மாதங்களுக்கு மேற்படாத பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். எதிராளி வீட்டுக்குள்ளோ வேலைத்தலத்துக்கோ வரலாகாது என்று தடுக்கவும், ஆலோசனைக்குச் செல்லுமாறு பணிக்கவும், பராமரிக்கும் கடமை உடையவனாயின் அவசரப் பண உதவி கொடுக்கச் செய்யவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு. கட்டளையை மீறினால் 10,000 ரூபாவுக்கு மேற்படாத அபராதமோ, ஓராண்டு வரையான சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இச்சட்டத்துக்கு எவ்வளவு அவசியம் உண்டு என்பதைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நலன் பற்றிய ஆய்வு காட்டிவிட்டது. துணையோடு வாழ்ந்த அனுபவமுடைய பெண்களில் 20.4 சதவீதத்தினர், அதாவது ஐவரில் ஒருவர், அத்துணைவனால் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்குத் தம் வாழ்நாளில் ஒரு தடவையேனும் ஆளாகியிருக்கின்றனர். ஏட்டில் உள்ள சட்டம் இவர்களில் எத்தனை பேரின் வாசலை எட்டுகின்றது என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

இனி அந்த வாசலுக்கு வருவோம். தோட்டத்து வரிசைக் குடியிருப்பாகிய லயத்தில் ஒரு குடும்பத்துக்குரிய அறையாகிய காம்பரா, பழைய அளவின்படி, 10 அடிக்கு 12 அடி. சுவரின் அப்புறத்தில் அடுத்த குடும்பம். பல வேளைகளில் அது கணவனின் தமையன் குடும்பமாகவோ, மாமியாரின் அடுப்படியாகவோ இருக்கும். ஒரு வீட்டில் அடி விழுந்தால் லயம் முழுவதும் கேட்கும். கேட்டவர் எல்லாரும் மறுநாள் அதே மலையில் கொழுந்தெடுக்க நிற்பார்கள். இத்தகைய இடத்தில் ‘எதிராளி இவ்வீட்டுக்குள் பிரவேசிக்கலாகாது’ என்னும் கட்டளைக்கு என்ன பொருள் என்பதை நகரத்துப் பங்களாவை மட்டும் அறிந்த ஒருவரால் எளிதில் விளங்கிக்கொள்ள இயலாது. பாதிக்கப்பட்டவரின் இருப்பிடத் தேவையையும், எதிராளிக்கு நேரக்கூடிய கஷ்டத்தையும் சீர்தூக்கிப் பார்க்கும்படி சட்டம் நீதவானுக்குச் சொல்லுகின்றது. ஆனால் அந்தக் காம்பரா தோட்ட நிர்வாகத்தின் உடைமை. வேலையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. பேர்ப் பதிவில் இருப்பவள் அநேகமாக அந்தப் பெண்ணே என்றாலும், ‘வீடு ஆம்பிளையினுடையது’ என்பதே லயத்தின் தீர்ப்பு. இதனை அறிந்த நீதவான் ஒருவர், காம்பராவில் பெண்ணையும் பிள்ளைகளையும் இருத்தி, கணவன் வேறிடம் செல்ல வேண்டுமென்று தெளிவாக எழுதுவார். அறியாதவர், இரு தரப்பும் சமாதானமாகப் போகுமாறு புத்தி சொல்லி அனுப்பிவிடுவார்.

நீதவானின் முன்னிலைக்கு வந்துசேர்வதற்கு முன்னரே அப்பெண் கடக்க வேண்டிய படிகள் எத்தனை! முதலில் பெரியவர்கள் கூடிப் பேசுகின்றனர். ‘குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும், புள்ளைங்க மொகத்தப் பாரு’ என்பது அவர்கள் கூறும் புத்தி. பின்னர் தொழிற்சங்கத்தின் தோட்டத்துத் தலைவர் கணவனை அழைத்துக் கண்டிக்கின்றார். அவனும் அவருடைய சங்கத்தின் அங்கத்தவன், சந்தா கட்டுகிறவன். காயம் பலமாயின் தோட்டத்து மருந்துச்சாலை. அங்கே ‘விழுந்துவிட்டேன்’ என்று எழுதுவிக்கப்படுவதும் உண்டு. அதற்கு மேலும் துணிந்தவள் ஒரு நாட் சம்பளத்தை இழந்து, பஸ் பிடித்துப் பொலிஸ் நிலையம் போய், தமிழில் முறைப்பாட்டை எழுதிக்கொள்ளக்கூடிய உத்தியோகத்தர் அன்று கடமையில் இருக்கிறாரா என்று பார்த்து நிற்க வேண்டும். அங்கும் இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமரசம் செய்யும் பிரயத்தனமே முந்திக்கொள்ளுகின்றது. சமரசம் செய்துவைப்போர் யாவரும் கெட்ட எண்ணமுடையவர் என்று நான் சொல்லவில்லை. ஒரே கணவன் மூன்றாம் முறையும் நான்காம் முறையும் அதே குற்றத்தைச் செய்துவிட்டு வரும்போதும் சமரசம் ஒன்றையே மருந்தாகக் கொடுத்தல், அந்தப் பெண்ணைத் திரும்பவும் அடிக்கு அனுப்புதலே ஆகும் என்று சொல்லுகின்றேன்.

மொழியின் தடை இதனோடு சேர்ந்துகொள்ளுகின்றது. நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள், பொல்பிட்டியவைச் சூழ்ந்த அம்பகமுவ உட்பட, 1999ஆம் ஆண்டிலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. ஆனால் நீதிமன்றங்களைப் பொறுத்தவரை, வடக்கு கிழக்குக்கு வெளியே நடவடிக்கைகள் பெரும்பாலும் சிங்களத்திலேயே நிகழ்கின்றன. தமிழில் மனுச்செய்யவும், அரசாங்கச் செலவில் மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகின்றது. உரிமை உண்டெனினும், தான் சொல்லும் அந்தரங்க வேதனையை மூன்றாமவர் ஒருவர் வேறொரு மொழியில், இரண்டொரு வாக்கியத்தில் சுருக்கிச் சொல்லக் கேட்டு நிற்கும் பெண், தன் வார்த்தைகளில் எவை நீதவானின் செவியை அடைந்தன என்பதை அறியாமலே வீடு திரும்புகின்றாள். அவள் கையில் இருக்கும் கட்டளையின் வாசகத்தை அவளே வாசிக்க இயலாதாயின், கட்டளை மீறப்பட்டது என்று பொலிசாரிடம் எவ்வாறு எடுத்துக்காட்டுவாள்?

இந்த இடைவெளியை நிரப்பவல்லவர், அந்த லயத்து வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்து, சட்டத்தையும் இரு மொழிகளையும் கற்றுத் தேர்ந்து, சட்டத்தரணியாகி, நாளடைவில் நீதியாசனத்துக்கும் உயரும் மலையகத்துப் பெண்களே. அவர்களின் பாதை எத்தனை நீளமானது என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தபோது தோட்டத் தொழிலாளரிற் பலரும் வாக்காளராயினர், 1936இல் தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேச ஐயர் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் தோட்டந்தோறும் சென்று, பாடியும் பேசியும் தொழிலாளரை விழிப்படையச் செய்தார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதையடுத்த சட்டங்களும் அந்த மக்களை நாடற்றவராக்கி, வாக்குரிமையையும் பறித்தன. அந்த அநீதி முற்றாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில். இத்தனைக்கும் பின், 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும், பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் சென்றபோதுதான், மலையகத் தமிழ்ப் பெண் ஒருத்தி அந்தச் சபையில் முதன்முதலாக அமர்ந்தாள்.

சட்டசபை ஆசனத்துக்கே இத்தனை காலமாயின், நீதியாசனத்துக்கு வேண்டிய காலத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். தோட்டத்து மாணவி ஒருத்தி உயர்தரப் பரீட்சையில் தேறி, பல்கலைக்கழகத்துச் சட்டபீடத்திலோ கொழும்பிலுள்ள இலங்கைச் சட்டக் கல்லூரியிலோ இடம்பெற்று, மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிலுநராயிருந்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து, வருமானம் நிச்சயமில்லாத ஆரம்ப ஆண்டுகளைக் கடந்து, அதன்பின்னரே நீதிச்சேவைக்கு விண்ணப்பிக்க முடியும். கொழும்பில் தங்கும் செலவொன்றே அநேக குடும்பங்களின் சக்திக்கு அப்பாற்பட்டது. இலங்கையின் மேல் நீதிமன்றத்தில் முதற் பெண் நீதிபதியாக ஷிராணி திலகவர்தன அமர்ந்ததும், 1996இல் ஷிராணி பண்டாரநாயக்க உயர் நீதிமன்றத்தின் முதற் பெண் நீதியரசரானதும், பின்னர் 2011இல் பிரதம நீதியரசரானதும், பெண்ணுக்கு அந்த ஆசனம் எட்டாததன்று என்பதை நிரூபித்துவிட்டன. தோட்டத்துப் பெண்ணுக்கும் அது எட்ட வேண்டுமாயின், தற்செயலை நம்பியிராமல், வழிவகைகளைத் திட்டமிட்டுச் செய்தல் வேண்டும்.

ஆகவே, நான் வேண்டுவன சில. நீதிச்சேவை ஆணைக்குழு நீதவான்களைத் தெரிவுசெய்யுமிடத்து, வீட்டு வன்முறை வழக்குகளில் விண்ணப்பதாரருக்குள்ள அறிவையும் அனுபவத்தையும் ஒரு தகுதியாகக் கொள்ளுதல் வேண்டும். நீதிபதிகள் நிறுவகத்தின் பயிற்சியில் லயத்து வாழ்க்கையின் நிலைமைகள் இடம்பெறல் வேண்டும். தனி நீதிமன்றம் அமைப்பதற்குப் பணமில்லையென்று சொல்லப்படுமாயின், ஹட்டன், நுவரெலியா போன்ற நீதிமன்றங்களில் இவ்வழக்குகளுக்கென வாரத்தில் ஒரு நாளையேனும் ஒதுக்கி, மற்ற வழக்குகளின் சந்தடியிலிருந்து அவற்றைப் பிரித்துவிடுவதற்கு அதிகப் பணம் தேவையில்லை. தமிழ் பேசுவோருக்கு வழங்கும் ஒவ்வொரு கட்டளையோடும் தமிழ்ப் பிரதியும் சேர்க்கப்படல் வேண்டும். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஸ்தாபிக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் சேவை நகரத்துக் காரியாலயத்தோடு நின்றுவிடாமல், தோட்டங்களுக்கே சென்று மனு எழுதும் நாட்களாக விரிதல் வேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தாப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆண்டுதோறும் தோட்டத்து மாணவியர் சிலரையேனும் சட்டம் படிக்க வைப்பது உங்களால் இயலாத காரியமன்று. அடிபட்டு வந்த பெண்ணைச் சமரசம் பேசித் திருப்பி அனுப்பாமல், ‘நீதிமன்றத்துக்குப் போகலாம் வா, அம்மா’ என்று தோட்டத்துத் தலைவர் ஒருவர் சொல்லத் தொடங்குவாராயின், அதற்குச் சட்டம் எதுவும் திருத்தப்பட வேண்டியதில்லை. மனம் திருந்தினாற் போதும்.

நீதிபதியைத் தெரிந்தெடுக்கும் வாக்கு நம் கையில் இல்லை. எத்தகைய நீதிபதி வேண்டும் என்று கேட்கும் உரிமை நம் எல்லாரிடமும் உண்டு. அதைக் கேட்காமல் இருக்கும்வரை பழி நம்மையே சாரும். அத்தகைய நீதிபதி வரும்வரையும், இதை வாசிக்கும் சகோதரி ஒருத்திக்கு இன்றே உதவி வேண்டுமாயின், பெண்களுக்கென அரசாங்கம் ஏற்படுத்தியிருக்கும் தொலைபேசி இலக்கம் 1938.